காதால் படித்தவர்கள்

"ஆடியோ புக் கேக்கறதெல்லாம் படிக்கறதுல சேருமா சார்?"

எங்க கம்பெனி பஸ்ஸில் மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி கிளம்பிவிடும். திருவள்ளூரில் ஏறினால் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஆடி மாசம் என்றால் பவானியம்மன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் கூட ஆகும். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம், பாதிப் பேர் போன். நான் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்கிற கோஷ்டி. மூணு வகைதான் அதிகம் கேட்பேன். சங்கீதம் பத்தினது, சாமி பத்தினது, பேய் பத்தினது. (நைட் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது மட்டும் பேய் கிடையாது!)

"கண்ணால படிக்கறதுதான் படிப்பு, காதால கேக்கறது சோம்பேறித்தனம்" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமே உண்டு. எங்க அம்மா மூணாங்கிளாஸோடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் பஸ் போர்டு படிப்பார். ஆனால் மகாபாரதத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் சொல்லுவார். கர்ணன் பொன்னருவியிடம் விடைபெறுவதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். எல்லாம் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் கேட்டது. இவர் பாரதம் 'படிக்காதவர்' என்று யாராவது சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வது? அதனால் கொஞ்சம் பழைய கதையைக் கிளறிப் பார்த்தேன்.

முதலில் நம்ம பக்கத்து மாவட்டம். காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்று ஒரு ஊர். அங்கே கிடைத்த செப்பேடு ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா முதலாம் பரமேசுவரவர்மனுடையது. கோயிலுக்கு விட்ட நிலத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பட்டியல் போடும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது 1300 வருஷத்துக்கு முன்னாலேயே ஊருக்குப் பொதுவில் சந்தா கட்டிக் கதை கேட்டிருக்கிறார்கள். அடுத்தது தஞ்சாவூர். ராஜராஜன் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், கூட வாசிக்க உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டி மத்தளத்துக்கு ஒருத்தர், ஆக 50 பேரை வேலைக்கு வைத்தான். ஒவ்வொருத்தருக்கும் தினம் முக்குறுணி நெல். தேவாரம் ஓலையில் இருந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்களுக்கு அது வந்து சேர்ந்தது இந்த 48 தொண்டை வழியாக.

ஓலை யாரிடம் இருந்தது, எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? அவ்வளவு தூரம் போவானேன், 1951 சென்சஸ் எடுத்தபோதுகூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். மிச்சம் 82 பேருக்கு ராமாயணம் தெரியாதா? நல்லதங்காள் தெரியாதா? கண்ணால் படிப்பது என்பதே நம்ம ஊரில் ரொம்பப் பேருக்கு ரெண்டு மூணு தலைமுறைப் பழக்கம்தான்.

எங்க பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருவள்ளூர், காஞ்சிபுரம், வந்தவாசி, ஆற்காடு வட்டாரம் முழுக்க திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. திருவிழா வந்தால் மதியத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை ராகம் போட்டுப் பாடுவார், பின்பாட்டுக்காரர் இழுப்பார், அப்புறம் வசனத்தில் கதை. ராத்திரி அதே கதை தெருக்கூத்தாக வரும். கடைசியில் மண்ணில் துரியோதனனைப் பெரிசாகப் படுக்க வைத்துப் படுகளம், சாயந்திரம் தீமிதி. இதில் எது சங்கீதம், எது சாமி, எது பயம்? அரவானைப் பலி கொடுக்கிற ராத்திரி சின்னப் பையனாக நான் அம்மா முந்தானைக்குள் போய்விடுவேன். அப்போதும் பாட்டு காதில் விழும். மூணும் ஒரே பந்தலில், ஒரே டிக்கெட்டில். (டிக்கெட்டே கிடையாது, அது வேறு விஷயம்.)

கண்ணா காதா என்ற சண்டைக்கு வருவோம். இதற்கு எனக்குத் தெரிந்து ரொம்ப அழகான சாட்சி ஒன்று இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதினார். 1860களின் தொடக்கத்தில் அது அச்சானது. அதற்குச் சிறப்புப் பாயிரம், இப்போதைய பாஷையில் முன்னுரை, வாங்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளைக்கு இஷ்டமில்லை. அங்கங்கே இலக்கணம் இடிக்கிறது, பெரியபுராணத்தில் இல்லாத அய்யர் பாத்திரமெல்லாம் வருகிறது, தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். பாரதி விடவில்லை. ஒருநாள் போய் வெளியே உட்கார்ந்து காத்திருந்தவர், காத்திருந்த நேரத்தில் தன் பாட்டையே பாட ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து கேட்ட பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். பாயிரம் கிடைத்துவிட்டது.

தமிழ்நாட்டிலேயே அன்றைக்குப் பெரிய படிப்பாளி. அவர் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்த அதே நூல் காது வழியாகப் போனபோது வேறாக இருந்தது. இலக்கணம் எங்கேயும் போய்விடவில்லை, இடித்தது இடித்ததுதான். ஆனால் அது எழுதப்பட்டதே பாடுவதற்கு. பேப்பரில் வைத்து அளந்தால் எப்படி? இத்தனைக்கும் பிள்ளை சங்கீதத்தில் பிரியம் உள்ளவரும் இல்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த உ.வே.சாமிநாதையர் மாயவரத்தில் இதே கோபாலகிருஷ்ண பாரதியிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை, அப்பாவே பாடகர், படிப்புக்காகப் பாட்டை விட்ட இடம். நமக்கு உ.வே.சா. கிடைத்தார், சரி. ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு வருத்தம் உண்டு.

அப்புறம் மிஷின் வந்தது. எடிசன் 1877இல் போனோகிராஃப் செய்தார். அடுத்த வருஷமே இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் எழுதினார். அதில் கண் தெரியாதவர்களுக்குப் பேசும் புத்தகம் என்பதும் உண்டு. ஆனால் நிஜத்தில் வர ரொம்ப நாள் ஆனது. தட்டில் மூணு, மூணரை நிமிஷத்துக்கு மேல் அடங்காது. ஒரு நாவலுக்கு வண்டி வண்டியாய்த் தட்டு வேண்டும். 1930களில்தான் மெதுவாகச் சுற்றும் தட்டு வந்து ஒரு பக்கம் 25 நிமிஷம் ஓடியது. இங்கிலாந்தில் 1935இல், முதல் உலகப்போரில் கண் இழந்த சிப்பாய்களை மனசில் வைத்துப் பேசும் புத்தக நூலகம் ஆரம்பித்தார்கள். முதலில் வந்த புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் கொலைக்கதை! வேதாகமம் இருக்க, கொலைக்கதைக்கும் முதல் வரிசையில் இடம். கேட்கிறவன் எங்கேயும் ஒரே மாதிரிதான் போல.

இங்கே கதை வேறு. கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்ததிலிருந்து பாட்டுத் தட்டு பரவியது. 1930களில் நம்ம ஊரில் நாடக செட் என்று ஒன்று ஓகோவென்று ஓடியது. விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணத்தையும் அரிச்சந்திராவையும் சில தட்டுகளில் சுருக்கி, டப்பாவில் போட்டு விற்றார்கள். சந்திரமதி அழுதுகொண்டிருக்கும்போதே தட்டு முடியும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மீதி அழுகை. இன்றைக்கு எபிசோட் முடிந்ததும் 'அடுத்த பாகத்துக்குக் காசு கட்டு' என்கிறதே, அதற்கு அது எவ்வளவோ தேவலை.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் தேதி ஆரம்பித்தது. தெற்கத்திக்காரர்கள் இலங்கை வானொலி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள், எங்களுக்கு மெட்ராஸ் ஸ்டேஷன்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் விவித்பாரதியில் ஒலிச்சித்திரம். முழுப்படத்தையும் ஒரு மணி நேரமாக வெட்டிச் சத்தம் மட்டும் கொடுப்பார்கள். சண்டைக் காட்சி டிஷ்யூம் டிஷ்யூம் என்று போகும், யார் யாரை அடிக்கிறார்கள் என்பது நம்ம இஷ்டம். கதைவசனம் தனியாகவே தட்டாகவும் கேசட்டாகவும் விற்றது. 1965இல் வந்த திருவிளையாடல் இல்லாமல் ஒரு கோயில் திருவிழாவாவது நடந்திருக்குமா? ரேடியோ செட் கட்டினால் சீர்காழி, எல்.ஆர்.ஈஸ்வரி, அப்புறம் தருமி. நாகேஷ் புலம்புவதை மனப்பாடமாகச் சொல்கிற ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். 1984இல் 'விதி' கோர்ட் வசனம் டீக்கடை டீக்கடையாக ஓடியது. அதெல்லாம் ஒலிப்புத்தகம் இல்லாமல் வேறென்ன? அந்தப் பெயர்தான் இல்லை.

சாமி விஷயத்தில் வாரியார் சுவாமிகளைச் சொல்லாமல் தாண்ட முடியாது. காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்தவர், 1993இல் லண்டனிலிருந்து திரும்பி வரும்போது விமானத்திலேயே காலமானார். அவர் கேசட்டை இன்றைக்குக் கேட்டாலும் எதிரில் ஆள் இருப்பது தெரியும். முன்வரிசைப் பையனிடம் ஒரு கேள்வி, அவன் உளறினால் ஒரு சிரிப்பு, சடாரென்று ஒரு திருப்புகழ். வசனத்திலிருந்து பாட்டுக்குப் போகும்போது ஸ்ருதி தேடமாட்டார், வாசல் தாண்டி உள்ளே போகிற மாதிரி போவார். இப்போது வருகிற ஆன்மிக ஒலிப்புத்தகங்களில் எனக்குப் பிடிக்காதது இதன் எதிர்ப்பக்கம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்னால் ஒரு புல்லாங்குழல். நரசிம்மம் தூணைப் பிளந்துகொண்டு வரும்போதும் அதே புல்லாங்குழல். படிக்கிறவர் குரலில் ஒரு செயற்கைக் குழைவு, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி. பக்தி என்றால் மெதுவாகப் பேசுவது என்று யார் சொன்னார்கள்?

சங்கீதம் பற்றிய புத்தகங்களில் குறை வேறு. பாட்டே இருக்காது! ஒரு வித்வான் வரலாறு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் அன்றைக்குத் தோடியை எப்படி எடுத்தார், எங்கே நிறுத்தினார், சபை எப்படி உறைந்தது என்று அரைமணி நேரம் வர்ணனை. ஒரு வினாடித் தோடி கிடையாது. பழைய ரெக்கார்டைச் சேர்க்க உரிமை வாங்கவேண்டும், அது செலவு, புரிகிறது. ஆனால் படிப்பவராவது ஒரு 'ரி' 'க' பிடித்துக் காட்டக்கூடாதா? கண்ணால் படிக்கும்போது தோடி இல்லை என்பது உறுத்தாது. காதில் மாட்டிக்கொண்டு கேட்கும்போது அந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. கூரத்தில் பாரதம் வாசித்த ஆளும், தஞ்சாவூர் 48 பேரும், எங்க ஊர் பிரசங்கியாரும் செய்யாத ஒன்றை நாம் செய்துவைத்திருக்கிறோம். பாட்டை ஒரு அலமாரியில், சாமியை ஒரு அலமாரியில், பேயை ஒரு அலமாரியில்.

இந்த மூணும் ஒண்ணாகக் கிடந்த இடம் ஒன்று எங்க மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவாலங்காடு. அரக்கோணம் மார்க்கத்தில் மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஆடவல்லானின் ஐந்து சபைகளில் ரத்தினசபை.

காரைக்கால் அம்மையார் கதை தெரிந்ததுதான். மாம்பழம், பயந்துபோன புருஷன், அழகை உதறிவிட்டுப் பேய் உருவம் வாங்கியது, தலையால் நடந்து கயிலாயம் போனது. கடைசியில் வந்து சேர்ந்தது இந்த ஆலங்காட்டுக்கு. அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டுக்கும் பண் உண்டு. ஒன்று நட்டபாடை, இன்னொன்று இந்தளம். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர் என்பதால்தான் 'மூத்த'. உள்ளே என்ன இருக்கிறது? சுடுகாடு. வற்றிப்போன பெண் பேய், நரி, ஆந்தை, எரிகிற பிணம். நடுவில் ஆட்டம். இன்றைக்கு இதை ஒரு கம்பெனியில் கொடுத்தால் எந்தப் பிரிவில் போடுவார்கள்? நட்டபாடையில் வைத்து ஓதுவார் ஒருத்தர் நிதானமாகப் பாடக் கேட்டால் முதுகில் ஜில்லென்று ஒன்று ஏறும். கும்பிடவும் தோன்றும். ரெண்டும் ஒரே நேரத்தில்.

திருஞானசம்பந்தர் இங்கே வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கிப் பக்கத்தில் பழையனூரில் ராத்திரி தங்கினார் என்கிறது பெரியபுராணம். கனவில் சாமி வந்து "நம்மைப் பாட மறந்தாயோ" என்கிற மாதிரி கேட்க, தக்கராகத்தில் ஒரு பதிகம் பாடினார். அந்தப் பதிகத்தில் ஒரு பேய்ப்பெண் வருகிறாள். வஞ்சம் தீர்த்தவள். நீலி!

'நீலிக் கண்ணீர்' என்று சொல்கிறோமே, அந்த நீலி இந்தப் பழையனூர்க்காரிதான். ராஜேந்திர சோழன் ஆலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தானே, 1905இல் 31 செப்பேடுகளாகக் கிடைத்ததே, அதே பழையனூர். சரித்திரம் படிக்கிறவர்கள் செப்பேட்டோடு நின்றுவிடுவார்கள். எங்க அம்மாவுக்குச் செப்பேடு தெரியாது, நீலியைத் தெரியும்.

அம்மா சொல்கிற விதம் இது. போன ஜென்மத்தில் பெண்டாட்டியைக் கொன்றவன் இந்த ஜென்மத்தில் வியாபாரி. அவள் பேய். அவன் இடுப்பில் மந்திரக் கத்தி இருக்கிறவரை அவளால் கிட்டே வர முடியாது. ஒரு கள்ளிக் கொம்பை முறித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே அழுதுகொண்டு ஊருக்குள் வருகிறாள். "என் புருஷன் என்னை விட்டுட்டுப் போறாரு." பழையனூர் வேளாளர் எழுபது பேர் பஞ்சாயத்தில் உட்காருகிறார்கள். அவன் "இவள் பேய்" என்கிறான். குழந்தையை இறக்கிவிட்டால் அது "அப்பா" என்று அவன் மடியில் ஏறுகிறது. அப்புறம் என்ன சாட்சி வேண்டும்? ராத்திரி ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். கத்தியைக் கொடுத்துவிடு, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

காலையில் கதவைத் திறந்தால் பிணம்.

எழுபது பேரும் குழி வெட்டித் தீ வளர்த்து இறங்கிவிட்டார்கள்.

நீலி கதையை ஒலிவடிவில் நானும் கேட்டிருக்கிறேன். கதவு கிறீச்சிடும், நரி ஊளையிடும், ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே இருக்கும். வியாபாரி செத்ததோடு முடிந்துவிட்டது. எழுபது பேர் வரவே இல்லை! அந்தப் பகுதி பேய்க்கதை இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அங்கேதான் கோபம். எங்க அம்மா பேய்க்குரல் எல்லாம் போடமாட்டார். கத்தியை வாங்குகிற இடத்தில் மட்டும் குரல் இறங்கும், வேகம் குறையும். "குடுறா கண்ணு, நாங்க எழுவது பேர் இருக்கோம்" என்று ஒரு கிழவர் சொல்கிற மாதிரி சொல்லுவார். கேட்கிற நமக்கு விஷயம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நல்லவர்கள், நல்ல மனசோடு, ஒருத்தனைச் சாவுக்கு அனுப்புகிறார்கள். இதைவிடப் பயம் எந்த நரி ஊளையில் இருக்கிறது?

இன்னொன்றும் தோன்றியது. இந்தக் கதையே காதை நம்பினவர்கள் கதைதான். அழுகையைக் கேட்டார்கள், "அப்பா" என்ற மழலையைக் கேட்டார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். சென்னை வானொலி ஆரம்பித்த அதே 1938இல், அக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கிவிட்டதாக நியூஸ் மாதிரியே ஒரு ரேடியோ நாடகம் போட்டார். சிலர் நிஜமென்று நம்பினார்கள். ஊரே தெருவுக்கு ஓடியது என்பது பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெருக்கியது என்று இப்போது ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். குரலை நம்புவது எவ்வளவு சுலபம், அதனால் என்ன ஆகும் என்பது பழையனூர்க்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கேட்பது ஒசத்தி என்று கொடி பிடிக்கிற எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதை. ஆனால் அதையும் நான் காதால்தான் கேட்டேன், என்ன செய்ய.

நீலி ரொம்ப ஊர் சுற்றியவள். சமணர்கள் நீலகேசியில் அவளைச் சமண முனிவரிடம் அனுப்பி, திருத்தி, பிற மதத்துக்காரர்களோடு வாதம் செய்யவே வைத்துவிட்டார்கள். நாகர்கோவில் பக்கம் போய்க் கள்ளியங்காட்டு நீலியாக வில்லுப்பாட்டில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே குடமும் உடுக்கையும் உண்டு, சாமியும் உண்டு. பேயை மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்கவில்லை.

புத்தகத்திலிருந்து வந்த பேய்களில் காதுக்குப் பொருந்தியது என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைத்தான் சொல்லுவேன். 1943இல் வந்தது. 'நான்' என்று ஒருத்தர் ராத்திரித் தூக்கம் வராமல் சொல்கிற கதை. இதற்கு ஒரே குரல் போதும், எஃபெக்ட் எதுவும் வேண்டாம். தயவுசெய்து புல்லாங்குழலும் வேண்டாம்.

பழையனூரில் அந்த எழுபது பேர் நினைவாகத் தீப்பாய்ந்த மண்டபம் இருக்கிறது. திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். கோயிலில் ஓதுவார் யாராவது இருந்தால் மூத்த திருப்பதிகம் பாடச் சொல்லிக் கேளுங்கள். கோயிலை விட்டு வெளியே வரும்வரை அந்த ஹெட்போனைப் பையிலேயே வைத்திருங்கள்.